தட்டணு தானமும் தருபவர் நலமும்



சொந்த ஊரை விட்டு வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு குறை உண்டு. நம் ஊரில் ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டால் மாமன், மைத்துனன், பங்காளி, அடுத்த தெருக்காரர் என்று பத்துப் பேர் வாசலில் வந்து நிற்பார்கள். டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அந்தப் பத்துப் பேரை எங்கே தேடுவது? நண்பர்களைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தமிழ்ச் சங்கத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இப்போது அதற்குக் கைபேசி கை கொடுக்கிறது. “இன்ன மருத்துவமனையில் இன்னாருக்கு உடனே தட்டணு தேவை” என்ற செய்தி மாலையில் கிளம்பினால், இரவுக்குள் ஊர் முழுவதும் சுற்றி வந்துவிடுகிறது.

செய்தியைப் படிப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் புறப்பட்டுப் போகிறவர் பெரும்பாலும் ஒருவரே. போன மாதம் போனவரும் அவரே. அதற்கு முந்திய மாதம் போனவரும் அவரே.

அத்தகைய அன்பர் ஒருவரை நான் அறிவேன். நாற்பது வயது, அரசாங்க அலுவலகத்தில் வேலை. கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவர். ஓர் ஆண்டில் 19 முறை தட்டணு அளித்திருந்தார். இருபதாவது முறை போனபோது, வழக்கம்போல் விரலளவு குழாயில் இரத்தம் எடுத்துச் சோதித்த பணியாளர், “இன்று உங்களிடம் எடுப்பதற்கில்லை. எண்ணிக்கை 1,38,000-தான் இருக்கிறது. சில வாரம் கழித்து வாருங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர் கலங்கிப் போனார். தமக்கு ஏதோ நோய் வந்துவிட்டதோ என்ற அச்சம் ஒரு பக்கம். கேட்டவருக்குக் கொடுக்க முடியவில்லையே என்ற வெட்கம் ஒரு பக்கம். அவருடைய மனைவியோ என்னிடம், “அண்ணா, நீங்களாவது சொல்லுங்கள். இனிமேல் இவர் அந்தப் பக்கமே போகக்கூடாது” என்றார்.

இருவருக்கும் நான் சொன்னதையே இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன். “தட்டணு கொடுத்தால் ஒன்றுமே ஆகாது” என்பாரும் உண்டு. “உடம்பே போய்விடும்” என்பாரும் உண்டு. உண்மை இவ்விரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

தட்டணு என்பது யாது? நம் இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளணு என்ற இரு வகை அணுக்களோடு மூன்றாவதாக ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது. ஆங்கில வழக்கில் பிளேட்லெட் எனப்படுவது இதுவே. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றில் இரண்டு மூன்று கூறு அளவே இருக்கும். இரத்தக் குழாயில் எங்கேனும் கிழிசல் ஏற்பட்டால், இவை ஓடிச் சென்று ஒன்றோடொன்று ஒட்டி அடைப்பாக நின்று கசிவை நிறுத்துகின்றன. இதை 1882-ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதியவர் இத்தாலி நாட்டு அறிஞர் பிட்ஸோஸெரோ. எலும்பு மஜ்ஜையிலுள்ள பேரணுக்களிலிருந்து சிறு சிறு துண்டுகளாகப் பிய்ந்து வருபவையே தட்டணுக்கள் என்று 1906-இல் விளக்கியவர் அமெரிக்கரான ரைட். ஒரு பேரணு ஆயிரக்கணக்கான தட்டணுக்களை உதிர்க்கிறது. துண்டுகளே ஆதலால் இவற்றுக்கு உட்கரு இல்லை, ஆயுளும் குறைவு. ஏழு முதல் பத்து நாள் உழைத்துவிட்டு மறைகின்றன.

சாதாரணமாக ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்கு மருந்தின் வேகத்தால் மஜ்ஜை சிறிது காலம் வேலை செய்யாமல் நின்றுவிடும். அப்போது இந்த எண்ணிக்கை பத்தாயிரத்துக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். காயமே இல்லாமல் இரத்தம் கசியத் தொடங்கும். மும்பையில் பரேல் பகுதியிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களுக்கு நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் நோயாளிகள் வந்து சேர்கிறார்கள். அவர்களுக்குப் பிறர் கொடுக்கும் தட்டணுவே அந்தச் சில வாரங்களைக் கடப்பதற்குத் தோணி.

சிவப்பணுக்களைக் குளிர்ப் பெட்டியில் வைத்து ஐந்தாறு வாரம் காப்பாற்றலாம். தட்டணுக்களை அப்படி வைக்க இயலாது. 20 முதல் 24 டிகிரி வெப்ப நிலையில், இடைவிடாமல் மெல்ல ஆட்டிக்கொண்டே, ஐந்து நாள் மட்டுமே வைத்திருக்கலாம். ஆகையால் இன்று ஏராளமாகச் சேர்த்து அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு வாரமும் யாராவது வந்து கொடுத்தாக வேண்டும்.

கொடுக்கும் முறை எப்படி? தருபவரின் கையிலிருந்து இரத்தம் ஒரு குழாய் வழியாக இயந்திரத்துக்குச் செல்கிறது. நம் வீடுகளில் தயிர் கடையும்போது வெண்ணெய் தனியே திரள்வதைப் போல, இயந்திரம் வேகமாகச் சுழற்றும்போது இரத்தத்தின் பகுதிகள் தத்தம் எடைக்கு ஏற்பப் பிரிந்து நிற்கின்றன. தட்டணுக்களையும் சிறிதளவு பிளாஸ்மா நீரையும் எடுத்துக்கொண்டு, எஞ்சியவற்றை இயந்திரம் உடலுக்கே திருப்பி அனுப்புகிறது. இவ்வாறு ஒன்று ஒன்றரை மணி நேரம் நடக்கும். குழாயில் இரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் என்னும் உப்பைக் கலப்பார்கள். அது இரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைச் சற்று நேரம் பற்றிக்கொள்வதால் உதட்டோரமும் விரல் நுனியும் மரத்தாற்போல் குறுகுறுக்கும். பணியாளரிடம் சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள். கால்சியம் மாத்திரை தருவார்கள். சிறிது நேரத்தில் சரியாகிவிடும்.

இனி நம் அன்பரின் கேள்விக்கு வருவோம். திரும்பத் திரும்பக் கொடுத்தால் இரத்தத்தில் என்ன நிகழ்கிறது?

முதலில் தட்டணுவின் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவர் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. கன மில்லிமீட்டருக்கு 2,50,000 என்று வைத்துக்கொண்டால், ஓடும் இரத்தத்தில் மொத்தம் 1,25,000 கோடி தட்டணுக்கள் இருக்கும். இது தவிர, மண்ணீரலும் ஒரு பங்கைத் தன்னிடம் சேமித்து வைத்திருக்கிறது. ஒரு முறை தானத்தில் நாம் தருவது சுமார் 30,000 கோடி. அதாவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் மஜ்ஜை நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி தட்டணுக்களை உண்டாக்குகிறது. நாம் கொடுப்பது மூன்று நாள் விளைச்சல், அவ்வளவுதான்.

இந்த விளைச்சலைக் கூட்டவும் குறைக்கவும் உடலில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. துரோம்போபொயட்டின் என்ற பொருளைக் கல்லீரல் ஓயாமல் சுரந்துகொண்டிருக்கிறது. இரத்தத்தில் தட்டணுக்கள் நிறைய இருந்தால் அவையே அப்பொருளைப் பற்றித் தீர்த்துவிடும். தட்டணுக்கள் குறைந்தால் அப்பொருள் மிஞ்சும். மிஞ்சியது மஜ்ஜைக்குச் சென்று, “இன்னும் உண்டாக்கு” என்று தூண்டும். ஆகவே தானம் செய்த சில நாள்களுக்குள் எண்ணிக்கை பழைய நிலையை நோக்கி ஏறிவிடுகிறது.

எனினும், ஏறுவதற்கு அவகாசம் கொடாமல் மீண்டும் மீண்டும் எடுத்தால்? அமெரிக்காவில் பல ஆண்டுகளாகத் தட்டணு வழங்கிவந்த நூற்றுக்கணக்கானவர்களின் கணக்கை ஆராய்ந்து 2001-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அடிக்கடி கொடுப்பவர்களிடம் எண்ணிக்கை சற்றுத் தாழ்ந்த நிலையிலேயே நீடிக்கிறது என்று அது காட்டியது. ஆனால் அபாயம் என்று சொல்லத்தக்க அளவுக்கு இறங்குவது அரிது என்றும் கண்டனர். நம் அன்பருக்கு நேர்ந்ததும் இத்தகையதே. 1,38,000 என்பது நோயன்று. “இடைவெளி விடு” என்று உடல் சொல்லும் சொல்.

இதுவரை சொன்னது நாம் மனமறிந்து கொடுக்கும் பொருளைப் பற்றியது. அறியாமல் கூடவே போகும் பொருள் ஒன்றும் உண்டு. அண்மைக்கால ஆராய்ச்சிகள் கவனம் செலுத்துவது அதில்தான்.

வெள்ளணுக்களில் லிம்போசைட் என்று ஒரு வகை இருக்கிறது. நோய்க் கிருமியை அடையாளம் கண்டு, ஒரு முறை கண்டதை நெடுநாள் நினைவில் வைத்திருந்து, மறுமுறை வந்தால் எதிர்த்து நிற்பவை இவை. பிறருடைய வெள்ளணுக்கள் தட்டணுவோடு கலந்து சென்றால் பெறுகிற நோயாளிக்குக் காய்ச்சல் முதலிய தொல்லைகள் வரக்கூடும். ஆகையால் சில வகை இயந்திரங்களில், வெள்ளணுக்களைப் பிடித்து நிறுத்துவதற்கென்றே கூம்பு வடிவில் ஒரு சிறு அறை வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு அது நன்மையே. ஆனால் தானம் முடிந்ததும் அந்த அறை, அதில் சிக்கிய அணுக்களோடு அகற்றப்படுகிறது. நூறு கோடி அளவிலான வெள்ளணுக்கள் அவ்வாறு போய்விடுகின்றன. அந்த அறைகளைக் கேட்டு வாங்கிப்போய், அவற்றிலிருந்து அணுக்களை எடுத்து ஆராய்ச்சி செய்கிற ஆய்வுக்கூடங்களும் உண்டு என்றால், சிக்கும் அளவை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், இத்தகைய இயந்திரத்தில் தட்டணு கொடுத்துவந்த 60 பேரைச் சோதித்தார்கள். முந்திய ஓர் ஆண்டில் ஓரிரு முறை கொடுத்தவர்கள் 20 பேர். 3 முதல் 19 முறை கொடுத்தவர்கள் 20 பேர். 20 முதல் 24 முறை கொடுத்தவர்கள் 20 பேர். லிம்போசைட்டுகளில் சி.டி.4 என்று குறிக்கப்படும் உதவி அணுக்கள், கன மில்லிமீட்டருக்கு 200-க்கும் கீழே குறைந்தவர் முதற் குழுவில் ஒருவரும் இல்லை. இரண்டாம் குழுவில் இருவர். மூன்றாம் குழுவில் ஆறு பேர். சாதாரணமாக இந்த அணுக்கள் 500-க்கு மேல் இருக்க வேண்டியவை.

இதைக் கேட்டு யாரும் அஞ்ச வேண்டுவதில்லை. அந்த அறுபது பேரும் நோயாளிகளல்லர். தானம் செய்யத் தகுதி பெற்று வந்தவர்கள். மேலும், உடலிலுள்ள லிம்போசைட்டுகளில் நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே ஓடும் இரத்தத்தில் இருக்கின்றன. ஏனையவை நிணநீர்க் கழலைகளிலும் மண்ணீரலிலும் குடலின் சுவர்களிலும் தங்கியிருக்கின்றன. ஆகவே இரத்தத்தில் குறைந்தது என்பதால் உடல் முழுவதும் வறண்டுவிட்டது என்று கொள்ளலாகாது. எனினும் அலட்சியமும் கூடாது. சுவீடன் நாட்டில் நாடு முழுவதற்குமான பதிவேடுகளைக் கொண்டு நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வும், அடிக்கடி தட்டணு கொடுப்பதற்கும் லிம்போசைட் குறைவுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. தொற்று நோய் அபாயம் சற்றுக் கூடுவதையும் அது சுட்டியது.

தட்டணுவுக்கும் லிம்போசைட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே மனத்தில் கொள்ள வேண்டும். தட்டணு பத்து நாள் வாழ்வது. போனால் மூன்று நாளில் புதிது வரும். லிம்போசைட்டுகளில் பல, ஆண்டுக்கணக்கில் வாழ்பவை. அவற்றில் டி அணுக்கள் என்பவற்றைப் பயிற்றுவிக்கும் தைமஸ் என்ற சுரப்பி, குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடுகிறது. ஆகவே நாற்பது வயதுக்காரர் இழந்த டி அணுக்களை ஈடு செய்துகொள்ள நாள் பிடிக்கும். கிணற்றில் ஊற்று வேகமாக இருந்தால் காலையில் இறைத்தாலும் மாலையில் நிறைந்துவிடும். ஊற்று மெல்லியதாக இருந்தால் இறைப்பவர்தான் பொறுத்திருக்க வேண்டும். ஒரே உடலில் இவ்விரு வகை ஊற்றும் இருக்கின்றன.

மூன்றாவதாக, இரும்புச் சத்து. முழு இரத்தம் கொடுக்கும்போது ஒரு தடவையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. தட்டணு தானத்தில் சிவப்பணுக்கள் திரும்பி வந்துவிடுவதால் இழப்பு மிகக் குறைவு. ஆயினும் குழாயில் தங்கும் துளிகளும் சோதனைக்கு எடுக்கும் இரத்தமும் பலமுறை சேர்ந்தால் ஒரு கணக்கு ஆகிவிடும். பெண்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2020-ஆம் ஆண்டு திருத்திய விதிகளின்படி, தட்டணு தானம் இரண்டுக்கு இடையே குறைந்தது 48 மணி நேரம் இருக்க வேண்டும். வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் ஆகாது. ஆண்டில் 24 முறைக்கு மேல் ஆகாது. தருபவர் 18 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது 50 கிலோ எடை இருக்க வேண்டும். தட்டணு எண்ணிக்கை 1,50,000-க்குக் குறையக்கூடாது. முழு இரத்தம் கொடுத்தவர் 28 நாள் கழித்தே தட்டணு கொடுக்கலாம்.

இங்கே ஒரு செய்தியைக் கவனியுங்கள். சட்டம் அனுமதிக்கும் மேல் எல்லை 24. பாஸ்டன் ஆய்வில் குறைவு மிகுதியாகக் காணப்பட்ட குழு எது? 20 முதல் 24 முறை கொடுத்தவர்களின் குழு. எல்லை என்பது தாண்டக்கூடாத கோடு. எட்டிப் பிடிக்க வேண்டிய இலக்கன்று. சாலையோரப் பலகையில் மணிக்கு எண்பது கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால், எல்லோரும் எண்பதில்தான் ஓட்ட வேண்டும் என்பது பொருளாகுமா?

ஆகவே தட்டணு தருகிற அன்பர்களுக்குச் சில சொற்கள். கொடுத்த தேதியையும் இடத்தையும் அன்றைய எண்ணிக்கையையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். இன்று ஓர் இரத்த வங்கி, நாளை மற்றொன்று என்று போகிறவர்களுக்கு இது மிக அவசியம். ஒரு வங்கியின் கணக்கு மற்றொன்றுக்குத் தெரியும் என்று நம்பியிருக்க வேண்டாம். நெருக்கடி இல்லாத காலத்தில் ஒரு தானத்துக்கும் மறு தானத்துக்கும் இடையே ஒன்றிரண்டு மாதமாவது விடுங்கள். அடிக்கடி கொடுக்கிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை வெள்ளணுக்களின் வகைவாரி எண்ணிக்கையையும் பெரிட்டின் என்னும் இரும்புச் சேமிப்பையும் சோதித்துக்கொள்வது நலம். இயந்திரத்தில் வெள்ளணுவைப் பிடிக்கும் அறை உண்டா என்று பணியாளரைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. ஆஸ்பிரின் உட்கொண்டால் மூன்று நாள் கழித்தே செல்லுங்கள். ஆஸ்பிரின் பட்ட தட்டணுவுக்கு மீண்டும் ஒட்டும் சக்தி வருவதில்லை. ஒரு நாள் உங்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் அதை அவமானமாகக் கொள்ளாதீர்கள். உங்களைக் காப்பதற்காகவே அந்தச் சோதனை.

தட்டணு கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. மழைக்காலம் முடியும்போது டெங்குக் காய்ச்சல் பரவும். எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கு இறங்கிவிட்டது என்று கேட்டதுமே வீட்டார் பதறித் தட்டணு தேடி ஓடுகிறார்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வயது வந்த டெங்கு நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. எண்ணிக்கை 20,000-க்கு இறங்கியும் இரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றுவதால் கசிவு தடுக்கப்படவில்லை. பக்க விளைவுகளே மிகுந்தன என்று அது காட்டியது. டெங்குவில் எண்ணிக்கை தானாகவே ஏறக்கூடியது. ஆகையால் தேவையா, இல்லையா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். எண்ணைப் பார்த்து அஞ்சி நாம் கேட்கும் ஒவ்வொரு பையும், யாரோ ஒருவருடைய உடலிலிருந்து வருகிறது. வேறொரு நோயாளிக்கு மெய்யாகவே தேவைப்பட்டிருக்கவும் கூடும்.

கடைசியாக, நம் எல்லோருக்கும் உரிய கடமை. பணத்துக்கு இரத்தம் விற்கும் வழக்கம் நம் நாட்டில் ஒரு காலத்தில் இருந்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி முதல் தேதியிலிருந்து அது தடை செய்யப்பட்டது. அன்று முதல் இந்தப் பாரம் முழுவதும் மனம் உவந்து கொடுப்பவர்களின் தோளில் இருக்கிறது. அந்தத் தோள் ஐந்து பேருடையதா, ஐம்பது பேருடையதா என்பதுதான் கேள்வி. நீங்கள் வாழும் நகரத்தின் தமிழ்ச் சங்கத்திலோ, குடியிருப்பிலோ, அலுவலகத்திலோ ஐம்பது பேர் பெயர் கொடுத்து முறை வைத்துக்கொண்டால், மாதம் நான்கு பேர் சென்றாலும் ஒருவருக்கு ஆண்டில் ஒரு முறைதான் வரும். ஒருவர் தம் தோளில் இருபது முறை சுமந்ததை, இருபது பேர் ஆளுக்கு ஒரு முறை சுமந்தால் நோயாளிக்குக் குறைவில்லை. தருபவர் எவருக்கும் தீங்கில்லை.

நம் அன்பர் மூன்று மாதம் ஓய்ந்திருந்தார். பிறகு சோதித்தபோது எண்ணிக்கை 2,10,000-க்கு ஏறியிருந்தது. இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கிறார். குறிப்பேட்டை எழுதி வைப்பவர் அவருடைய மனைவி. “போகவே கூடாது” என்று சொன்ன அம்மையார், சென்ற ஆண்டு தம் பெயரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொன்னார். முதல் நாள் எடை பார்த்தபோது 49 கிலோ இருந்தது. ஒரு கிலோ கூடட்டும் என்று காத்திருக்கிறார்.

அவரைப்போல் எடைக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள் நம்மில் சிலரே. ஏனையோர் நாளைக்கே பெயர் கொடுக்கலாம்.